வாழ வந்த ஊருக்குப் பட்ட கடன்

மனிதன் ஊர் மாறுவது புதுமையன்று. பசி துரத்தினால் மாறுகிறான்; பகை துரத்தினால் மாறுகிறான்; பொருள் அழைத்தால் மாறுகிறான். இம்மூன்றுக்கும் அவனிடம் நியாயம் கேட்பார் எவருமிலர். ஆனால் நம் காலத்தில் நான்காவது காரணம் ஒன்றும் இவற்றோடு சேர்ந்திருக்கிறது. நகரத்தின் புகையும் இரைச்சலும் போதும். மலையும் ஏரியும் பசும்புல்லும் சூழ்ந்த ஓர் ஊரில் ஏதேனும் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, மனைவி மக்களுடன் அமைதியாக வாழலாம் என்று புறப்படுகிறவர்கள் பெருகி வருகிறார்கள்.

இவ்விருப்பம் தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள். கண்ணுக்கு இனிய இடத்தில் பிள்ளைகளை வளர்க்க விரும்பாத பெற்றோர் யார்? குடியேறும் உரிமை பற்றியும் நமக்கு ஐயமில்லை. நம் கேள்வி வேறு. அழகுக்காக ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டவன் அந்த ஊருக்கு ஏதேனும் கடன்படுகிறானா? வீட்டுக்கு விலை கொடுத்துவிட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடுகிறதா?

இக்கேள்வி நமக்கு அயலானதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இரங்கூனுக்கும் சென்ற நம் முன்னோர் பெரும்பாலும் தனியே சென்றார்கள். வேலை அங்கே, வீடு இங்கே என்பதே அவர்கள் வாழ்க்கை. சபராளி என்ற பெயரும் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது. சபர் செய்பவன் என்றைக்கும் பயணிதான். திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவன். இன்றோ மருத்துவமும் செவிலிப் பணியும் பொறியியலும் பயின்ற நம் பிள்ளைகள் குடும்பத்தோடு செல்கிறார்கள். அங்கேயே வீடு வாங்குகிறார்கள்; அங்கேயே பிள்ளை பெறுகிறார்கள். அவர்கள் பயணிகள் அல்லர், குடிகள். பயணிக்கு ஓர் ஒழுக்கம் உண்டென்றால் குடிக்கு வேறோர் ஒழுக்கம் உண்டு. அது யாது என்பதை ஓர் ஊரின் நிலையை வைத்தே ஆராய்வது நலம்.

ஏரிகளின் நாடு

இங்கிலாந்தின் வடமேற்குக் கோடியில், ஸ்காட்லாந்தின் எல்லையைத் தொட்டுக் கிடக்கிறது கம்பிரியா. நம் மாவட்டத்துக்கு ஒப்பான 'கவுண்டி' அது. கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து என்னும் இரு பழைய கவுண்டிகளையும் அண்டைப் பகுதிகள் சிலவற்றையும் சேர்த்து 1974ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு அதன் நிர்வாகம் மீண்டும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது; ஆயினும் கம்பிரியா என்ற பெயர் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. ஆறாயிரத்து எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பரப்பில் வாழ்வோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரே. நம்மூரில் நடுத்தரமான ஒரு நகரத்தின் மக்கள்தொகை அது.

இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் இங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 978 மீட்டர். அந்நாட்டின் மிகப் பெரிய இயற்கை ஏரியான விண்டர்மியரும் இங்கேயே. இந்த ஏரி நாடு 1951ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வந்து போகிறார்கள். மலைச்சரிவில் மேயும் ஆடுகள், கல்லால் கட்டிய சிறு வீடுகள், ஏரியில் தலைகீழாகத் தெரியும் குன்றுகள். வந்து பார்த்தவன் மனம் ஊர் திரும்ப மறுக்கிறது. 'இங்கேயே தங்கிவிட்டால் என்ன?' என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

கண் காணாதவை

ஒரு வாரம் விருந்தாளியாகப் பார்த்த ஊர் வேறு. ஓராண்டு குடியிருந்து பார்க்கும் ஊர் வேறு. அந்தப் பசுமைக்கு விலை மழை. அங்குள்ள ஸீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இருமடங்குக்கும் அதிகம். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயலின்போது ஹானிஸ்டர் கணவாயில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் கொட்டியது. பாலங்கள் இடிந்தன, கார்லைல் நகரத்தின் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அதே நகரம் 2005ஆம் ஆண்டும், காக்கர்மௌத் என்னும் ஊர் 2009ஆம் ஆண்டும் மூழ்கியெழுந்தவை. 

குளிர்காலத்தின் நடுவில் பகற்பொழுது ஏழு மணி நேரத்துக்குச் சற்றே மேல். பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருண்டுவிடும். கோடையிலோ பதினேழு மணி நேரத்துக்கும் மேலாக வெளிச்சம் நீளும். ரமலான் கோடையில் வந்த 2015, 2016ஆம் ஆண்டுகளில் அங்கே நோன்பு நோற்றவர்களுக்கு அதன் பொருள் தெரியும். கணவன் மருத்துவமனையில் இருக்க, மொழி பழகாத மனைவி மூன்றரை மணிக்கே விளக்கேற்றி வைத்துக்கொண்டு சன்னலருகில் அமர்ந்திருக்கும் டிசம்பர் மாலையை எந்தச் சுற்றுலாப் படமும் காட்டாது.

இவற்றையெல்லாம் கண் இல்லாவிட்டாலும் உடலாவது உணரும். உடலும் உணராதவை சில உண்டு. கம்பிரியாவின் கடற்கரையில் விண்ட்ஸ்கேல் என்னும் அணு உலையில் 1957ஆம் ஆண்டு அக்டோபரில் தீப்பிடித்தது. கதிரியக்கம் புல்லில் படிந்து பாலில் கலக்கும் என்ற அச்சத்தால், சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கறந்த பால் பல வாரங்கள் கீழே கொட்டப்பட்டது. அது நடந்து இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றபின் 1986ஆம் ஆண்டு, எங்கோ தொலைவில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் துகள்கள் காற்றில் மிதந்து வந்து, மழையோடு இந்த மலைகளில் இறங்கின. இங்கு மேய்ந்த ஆடுகளைச் சோதித்துப் பாராமல் விற்கலாகாது என்று விதித்த கட்டுப்பாடு சில பண்ணைகளில் 2012ஆம் ஆண்டுதான் முற்றிலும் நீங்கியது. புல் அதே பச்சைதான். ஏரி அதே நீலந்தான். ஆயினும் இருபத்தாறு ஆண்டுகள் அந்த மேய்ப்பர்கள் அந்தச் சுமையைத் தாங்கினார்கள்.

இவற்றைச் சொல்வது அவ்வூரை இழித்துரைப்பதற்காக அன்று. காட்சியை விரும்புகிறவன் ஊரை விரும்புகிறவனாகிவிட மாட்டான் என்பதற்காகவே சொல்கிறோம். ஊர் என்பது அதன் மழையும் இருளும் துன்பமும் சேர்ந்தது. அவற்றில் பங்குகொள்ளச் சித்தமாயிராதவன் அங்கே குடியேறவில்லை. நீண்ட விடுமுறையில் இருக்கிறான்.

அழகு யாருடைய உழைப்பு?

2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்த ஏரி நாட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதனை இயற்கைச் சின்னம் என்ற வகையில் அது சேர்க்கவில்லை. பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையிலேயே சேர்த்தது. அஃதாவது, இந்த எழில் மலை தந்தது மட்டுமன்று, அதில் மனிதன் உழைத்ததும் சேர்ந்ததே என்று உலகம் ஒப்புக்கொண்டது.

இது சிந்திக்கத் தக்கது. மலைச்சரிவுகளில் சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கி, மைல் கணக்கில் ஓடும் சுவர்களை எழுப்பியவை ஏழைக் குடியானவர்களின் கைகள். காடாகவோ புதராகவோ ஆகிவிடாமல் அந்தச் சரிவுகளைப் புல்வெளியாக வைத்திருப்பது ஆட்டின் பல்; அந்த ஆட்டைப் பனியிலும் மழையிலும் காப்பது மேய்ப்பனின் கால். பார்ப்பவன் இயற்கை என்று வியப்பதில் பாதி, பெயர் தெரியாத மனிதர்களின் பல நூற்றாண்டு உழைப்பு.

அங்கு வளர்க்கப்படும் ஹெர்ட்விக் என்னும் செம்மறி இனத்தின் இயல்பு மிக வியப்பானது. மலைமேல் பொது மேய்ச்சல் நிலத்தில் வேலி கிடையாது. ஆயினும் ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய சரிவை விட்டு அகலாமல் மேய்கிறது. எப்படி? குட்டி தன் முதற்கோடையில் தாயின் பின்னால் நடந்து, எதுவரை நம் இடம், எங்கே நீர் உண்டு, புயலடித்தால் எந்தப் பாறையின் மறைவில் ஒதுங்கலாம் என்பதையெல்லாம் கற்றுக்கொள்கிறது. அது தாயாகும்போது தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. இப்படி நிலத்தோடு ஒன்றிய நிலையை அங்குள்ள மேய்ப்பர்கள் 'ஹெஃப்ட்' என்பார்கள்.

இந்த அறிவு விலைக்குக் கிடைப்பதன்று என்பது 2001ஆம் ஆண்டு தெரிந்தது. அவ்வாண்டு பிரிட்டன் முழுவதும் கோமாரி நோய் பரவியது. உறுதி செய்யப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் நோய்த்தாக்கங்களில் ஏறத்தாழ 900 கம்பிரியாவில் நேர்ந்தவை. நோயுற்றவையும், நோய் தொற்றக்கூடும் என்று அஞ்சப்பட்டவையுமாக எண்ணற்ற கால்நடைகள் கொன்று எரிக்கப்பட்டன. குளிர்காலத்துக்கெனத் தாழ்நிலங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த ஹெர்ட்விக் இளம் ஆடுகள் பலவும் அவற்றில் அடங்கும். செத்த ஆட்டுக்கு அரசு ஈடு கொடுத்தது. வேறு ஆடுகளையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்கி வந்த ஆட்டுக்கு அந்த மலை தெரியாதே! மந்தை அழிந்த இடத்தில் புதிய மந்தையை நாள்தோறும் கூடவே நின்று, திருப்பித் திருப்பி ஓட்டிவந்து, ஆண்டுக்கணக்கில் பழக்கினால்தான் அது அந்த மண்ணுக்கு உரியதாகும். 

'என் பணம், என் வீடு'

இந்த ஊரில் வசதியுள்ள ஒருவர் நகரத்திலிருந்து வந்து வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் ஆசிரியரோ பேருந்து ஓட்டுநரோ கொடுக்க முடியாத விலையை அவர் கொடுக்கிறார். ஆண்டில் ஆறு வாரம் வந்து தங்குகிறார். மற்ற நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அடுத்தவரும் அவ்வாறே செய்கிறார். ஏரி நாட்டின் சில சிற்றூர்களில், நிலையாகக் குடியிருப்போரின் வீடுகளைவிட விடுமுறை வீடுகளே மிகுந்துவிட்டன. பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடப்படும், ஆள் குறைந்தால் பேருந்து நிற்கும், கடை அடைபடும். அங்கேயே பிறந்த இளைஞன் மணமுடித்தால் குடியிருக்க வீடின்றி வேறு நகரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. சுவர் அடுக்கத் தெரிந்தவன் போய்விட்டால், இடிந்த சுவரை யார் எடுத்துக் கட்டுவார்கள்? அழகை விரும்பி வந்தவர்களே அழகைத் தாங்கி நின்ற கையை அப்புறப்படுத்துகிறார்கள்.

சட்டம் இதற்குச் சில வழிகளைத் தேடியிருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் புதிதாகக் கட்டப்படும் வீடுகள் பலவற்றை உள்ளூரில் வாழ்வோருக்கும் உழைப்போருக்குமே உரியவை என்று வரையறுக்கிறார்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், இரண்டாம் வீட்டுக்கு இருமடங்கு வரி விதிக்க இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் வந்தது. கம்பிரியாவின் இரு மன்றங்களும் அதனைக் கைக்கொண்டன.

ஆனால் நம் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று. 'நேர்மையாகச் சம்பாதித்த பணம்; விற்கிறவன் மனமொப்பி விற்றான்; வாங்கினேன். இதில் யாருக்கு நான் என்ன தீங்கு செய்தேன்?' என்று அவர் கேட்பார். விற்றவனுக்கு அவர் தீங்கு செய்யவில்லை, உண்மைதான். ஆனால் ஊரில் விலைபேசப்படாத ஒன்றையும் அவர் சேர்த்தே எடுத்துக்கொண்டார். அந்தச் சன்னல் வழியே தெரியும் மலைக்கு அவர் விலை கொடுத்தது வீட்டுக்காரனிடம். மலையை அப்படி வைத்திருப்பவனோ மேய்ப்பன். அவனுக்கு ஒரு காசும் போகவில்லை. மேய்ப்பனுக்குச் சேர வேண்டியதைப் பணமாக நீட்டினால் அவன் சிரிப்பான்; ஏனெனில் அவனுக்கு வேண்டியது அண்டை வீட்டில் ஒரு விளக்கு. பனி மூடிய இரவில் கதவைத் தட்டினால் திறக்க ஆள். தன் பிள்ளை படிக்கும் பள்ளியில் இன்னொரு பிள்ளை. அக்கடனைக் குடியிருந்துதான் தீர்க்க முடியும்.

கதவைச் சாத்துவதும் நியாயமன்று

இதனைக் கேட்டு, 'வெளியார் வருவதே கேடு. வாசலை அடைத்துவிட வேண்டும்' என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அதுவும் பிழையே. அந்தப் பிழையைப் பெரியவர் ஒருவரே செய்திருக்கிறார். ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வொர்த் இம்மண்ணிலேயே, காக்கர்மௌத்தில் 1770ஆம் ஆண்டு பிறந்தவர். 1799ஆம் ஆண்டின் இறுதியில் கிராஸ்மியரில் குடியமர்ந்து, வாழ்நாளெல்லாம் இந்த மலைகளைப் பாடியவர். அவர் எழுத்தைப் படித்தே எத்தனையோ பேருக்கு இந்நாட்டின்மீது ஆசை பிறந்தது. ஆயினும் 1844ஆம் ஆண்டு கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு இருப்புப்பாதை போடத் திட்டமிட்டபோது, அவர் அதனைக் கடுமையாக எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார். ஆலைத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினால் அமைதி கெடும்; பழகாத கண்களுக்கு இவ்வழகை உணரும் பக்குவமும் இராது என்பது அவர் வாதம். பாதை நிற்கவில்லை, 1847ஆம் ஆண்டு இரயில் வந்தே சேர்ந்தது.

கவிஞரின் அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் புகை சூழ்ந்த லங்காஷயர் ஆலையில் ஆறுநாள் உழைப்பவனுக்கு ஏழாம் நாள் ஏரியைப் பார்க்க உரிமையில்லை என்று சொல்ல எவருக்கு அதிகாரம்? தான் நுழைந்தபின் வாசலைச் சாத்துவது நியாயமாகாது. வீட்டை வாங்கிப் பூட்டுகிறவனும், ஊரையே பூட்ட நினைக்கிறவனும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவரும் அழகைத் தம் உடைமை என்று எண்ணுகிறார்கள். அஃது அமானிதம் என்பதை இருவருமே மறந்தார்கள்.

வேலைக்காக வந்தவன்

இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவன் வேலைக்காக வந்தவன். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வகையினர். கம்பிரியாவுக்குக் கார்லைல், வொய்ட்ஹேவன், பாரோ ஆகிய ஊர்களில் மருத்துவமனைகள் உண்டு. பெருநகரங்களிலிருந்து தொலைவிலிருப்பதால் அங்கே மருத்துவர்களைச் சேர்ப்பது நெடுநாளாகவே கடினம். வொய்ட்ஹேவனில் மகப்பேற்று மருத்துவர்கள் போதாமையால், பிரசவ வேதனைப்படும் பெண்களை அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள கார்லைலுக்கு அனுப்ப நேருமோ என்று சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி மக்கள் கலங்கினார்கள். அத்தகைய இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மருத்துவரோ செவிலியரோ குடும்பத்துடன் வந்தால், அவர் அழகை அனுபவிக்க வந்தவர் மட்டுமல்லர். ஊரின் உயிரைக் காக்க வந்தவர். அவர் குடியேறும் வீட்டில் விளக்கு எரிகிறது. அவர் பிள்ளையால் பள்ளியில் ஓர் இருக்கை நிரம்புகிறது.

எனினும் வேலை என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் தூய்மைப்படுத்திவிடாது. அம்மாவட்டத்தில் பல்லாயிரம் பேருக்குச் சோறிடும் இரு பெருந்தொழில்கள் உண்டு. ஒன்று, பழைய விண்ட்ஸ்கேல் இருந்த செல்லாஃபீல்டில் அணுக்கழிவைக் காத்து அகற்றும் பணி. மற்றொன்று, பாரோ துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் பணி. அணுகுண்டு ஏவுகணைகளைச் சுமக்கும் கப்பல்களும் அவற்றில் அடங்கும். முந்தியது, ஒரு தலைமுறை விட்டுச்சென்ற நஞ்சை மறுதலைமுறை பொறுப்போடு துடைப்பது. பிந்தியதைப் பற்றி நல்லவர்களே மாறுபட்ட கருத்துடையோராய் இருக்கிறார்கள். நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், 'ஊர் அழகாயிருக்கிறது, சம்பளம் நன்றாயிருக்கிறது' என்பதோடு நின்றுவிடாமல், 'என் கைகள் அங்கே எதனைச் செய்யப்போகின்றன?' என்றும் கேட்டுக்கொள்வது ஒவ்வொருவர் மீதும் கடமை. சன்னலுக்கு வெளியே ஏரி தெரிவதால் மேசைமீதுள்ள வேலை ஹலால் ஆகிவிடாது.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். வேலைக்காரனுக்கு வேலையிடத்திலாவது மனிதர்கள் உண்டு. உடன்வந்த மனைவிக்கு? சொந்தமும் சுற்றமும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால். பேருந்தோ எப்போதாவது ஒன்று. அழகிய ஊரைத் தேர்ந்தது கணவன் மட்டுமென்றால், அதன் தனிமையைச் சுமப்பது மனைவி மட்டும் என்றாகிவிடும். இது நீதியாகாது. வீடு பார்க்கும்போது மலை தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன், அவள் நடந்து போகக்கூடிய தொலைவில் இன்னொரு குடும்பம் இருக்கிறதா என்று பார்ப்பது கணவன் கடன்.

பிள்ளைகளுக்கோ ஹெர்ட்விக் குட்டியின் பாடமே பாடம். தாயின் பின்னால் நடந்துதான் குட்டி மலையைக் கற்கிறது. பெற்றோர் அவ்வூரில் நடக்காமல், நான்கு சுவருக்குள் ஒரு சிறு தமிழகத்தைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டால், பிள்ளைக்கு அந்த மலையும் உரியதாகாது. பிறந்த மண்ணோ முன்பே தூரம். மாறாக, பெற்றோர் தம் மார்க்கத்தையும் மொழியையும் விடாமலே அண்டை வீட்டாரின் மகிழ்ச்சியிலும் மரணத்திலும் பங்குகொண்டு நடந்தால், பிள்ளைக்கு இரு நிலங்களும் சொந்தமாகும்.

குடியேறியவனுக்குக் கடன் உண்டென்றால் ஊருக்கும் அவனிடத்தில் கடன் உண்டு. பாரோ மருத்துவமனையில் பணிபுரியும் முஸ்லிம் மருத்துவர்கள் முன்னின்று, அருகிலுள்ள டால்டன்-இன்-ஃபர்னஸ் என்னும் ஊரில் இஸ்லாமிய மையம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். தொழுகைக்கென ஓர் இடம் அண்மையில் இல்லாத குறையைப் போக்கிக்கொள்வதே நோக்கம். 2025ஆம் ஆண்டு அதனை எதிர்த்துச் சிலர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆதரித்து நின்றோரும் உண்டு. இரவில் தன் தாயின் உயிரைக் காத்த மருத்துவர் பகலில் தொழ ஓர் இடம் கேட்டால் மறுப்பது எவ்வகையில் அறம்? உழைக்க வா, ஆனால் வாழ வராதே என்று ஒரு மனிதனிடம் சொல்லக்கூடாது. அதே வேளையில், அந்த மையத்தின் சமையற்கூடமும் வாசலும் வெள்ளம் வரும் நாளில் ஊர் முழுமைக்கும் திறந்திருக்குமானால், எதிர்த்து நின்றவரின் பேரப்பிள்ளைகள் அதனை நம் ஊர்க் கட்டடம் என்றே சொல்லி வளர்வார்கள்.

ஒரு பெண்மணியின் முன்மாதிரி

வெளியூரிலிருந்து வந்து இக்கடனைத் தீர்த்தவர் எவரேனும் உண்டா? உண்டு. பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1866ஆம் ஆண்டு இலண்டனில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தவர். பீட்டர் என்னும் முயற்குட்டியைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதிய கதையால் உலகப் புகழ் பெற்றவர். நூல்களின் வருவாயைக் கொண்டு 1905ஆம் ஆண்டு ஏரி நாட்டில் ஹில் டாப் என்ற சிறு பண்ணையை வாங்கினார். முதல் எட்டாண்டுகள் அவரும் இலண்டனிலிருந்து வந்து வந்து போனவர்தாம். ஆனால் பண்ணையை நடத்திவந்த குடியானவர் குடும்பத்தை அவர் வெளியேற்றவில்லை. அவர்கள் தொடர்ந்து இருப்பதற்காக வீட்டை விரித்துக் கட்டிக் கொடுத்தார். அவர் இல்லாத நாளிலும் அங்கே அடுப்பெரிந்தது. 

1913ஆம் ஆண்டு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை மணந்து அங்கேயே நிலைத்தபின் அவர் கதாசிரியை என்பதைவிட ஆடு வளர்ப்பவர் என்றே வாழ்ந்தார். அனுபவமுள்ள மேய்ப்பர்களை அமர்த்திக்கொண்டு, ஹெர்ட்விக் இனத்தை அவர்களிடம் கற்றார். சுற்றுவட்டச் சிற்றூர்களுக்கு ஒரு செவிலி கிடைக்க ஏற்பாடு செய்தார். பண்ணைகள் துண்டாகி விடுமுறை விடுதிகளாக மாறிவிடாதபடி ஒவ்வொன்றாக வாங்கினார். 1943ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் பன்னிரண்டுக்கு மேற்பட்ட பண்ணைகளும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்துக்குச் சேர்ந்தன. மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் கலப்பின்றித் தொடர வேண்டும் என்பதும் அவர் விருப்ப ஆவணத்தில் இருந்தது. 

எல்லோரும் நாலாயிரம் ஏக்கர் வாங்க முடியாது; வேண்டியதும் இல்லை. அவர் செய்தவற்றில் பணம் வேண்டாத பகுதியைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தவர்களை அவர் அகற்றவில்லை. அறிந்தவர்களிடம் கற்றுக்கொண்டார். தாம் போனபின்னும் ஊர் ஊராக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

ஒப்படைக்கும் நாள்

அந்த மலை மேய்ப்பர்களின் வழக்கங்கள் இரண்டைச் சொல்லி முடிக்கலாம். வேலியில்லாத மலையில் என்னதான் பழகிய மந்தையானாலும் சில ஆடுகள் வழிதவறி அயலார் மந்தையில் கலப்பது உண்டு. அதற்காக ஒவ்வொரு பண்ணைக்கும் காதில் வெட்டும் அடையாளமும் கம்பளியில் இடும் வண்ணக் குறியும் வகுத்து, அவற்றையெல்லாம் படம்போட்டு 1817ஆம் ஆண்டே ஒரு நூலாக வெளியிட்டார்கள். தன் ஆட்டைத் தேடுவதற்கு மட்டுமன்று; தன்னிடம் வந்துவிட்ட பிறன் ஆட்டை உரியவனிடம் சேர்ப்பதற்கும் அந்த நூல். ஆண்டுதோறும் மேய்ப்பர்கள் கூடித் தவறி வந்தவற்றைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, குத்தகை வழக்கம். மலைப் பண்ணைகள் பலவற்றில் மந்தை குத்தகைதாரருடையதன்று, நிலத்தோடு சேர்ந்தது. புதிதாக வருபவர் பண்ணையை ஏற்கும்போது இத்தனை ஆடுகள், இன்ன தரம் என்று எண்ணி ஏற்கிறார். இருக்கும் காலமெல்லாம் கம்பளியும் குட்டியும் அவருக்கே. போகும்போதோ அதே எண்ணிக்கையில், அதே தரத்தில் மந்தையை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். ஏனெனில் அந்த மலையை அறிந்த ஆடுகளை வேறெங்கும் வாங்க முடியாது.

கம்பிரியாவானாலும் சரி, நம் நாட்டுக் கொடைக்கானலோ ஏற்காடோ ஆனாலும் சரி, அழகிய ஓர் ஊருக்கு வாழப் போகிறவர்களுக்கு இவ்வழக்கத்தைவிடத் தெளிவான நெறி வேண்டியதில்லை. அனுபவிக்கத் தடையில்லை, கணக்கு மட்டும் உண்டு. நாம் போனபோது அங்கே ஒரு பள்ளி நடந்தது. நாம் நீங்கும்போதும் நடக்கிறதா? அண்டை வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. நம்மால் அது பெயர்ந்ததா, நம்மால் தரித்ததா? நம் சமுதாயத்தைச் சேர்ந்த இன்னொருவன் நாளை அங்கு வேலை தேடி வந்தால், நாம் விட்டுச்சென்ற பெயர் அவனுக்குக் கதவைத் திறக்குமா, சாத்துமா? பெட்டியைக் கட்டும் முன் குடும்பத்தோடு அமர்ந்து இக்கணக்கைப் பேசிக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டபின் போகிறவர்கள் நிம்மதியாகப் போகலாம். அவர்களை ஏற்பதில் எந்த ஊருக்கும் இழப்பில்லை.